ஒன்றாம் வகுப்பில் திரை: எழுத்துக்கும் எண்ணுக்கும் அது என்ன செய்கிறது?

தொடக்க வகுப்புகளில் கணினியும் கைக்கணினியும் கற்றலுக்கு உதவுமா என்ற விவாதம் நீண்டுகொண்டே போகிறது. குஜராத்தில் நடந்த இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் அதில் பாதி தெளிந்துவிடும். வடோதரா நகராட்சிப் பள்ளிகளில் 2002 முதல் இரண்டு ஆண்டுகள், நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் 2 மணி நேரம் கணினியில் கணக்கு விளையாட்டு கொடுத்தார்கள். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டாம் ஆண்டு முடிவில் கணக்கு மதிப்பெண் 0.47 திட்ட விலக்கம் உயர்ந்தது. (பிள்ளைகளின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவுதான் திட்ட விலக்கம்.) தொடக்கப் பள்ளி ஆய்வுகளில் 0.2 கிடைத்தாலே நல்ல பலன் என்று எடுத்துக்கொள்வார்கள்.

அதே மாநிலத்தில் ஞான்சாலா என்ற தொண்டு அமைப்பின் பள்ளிகளில், 2, 3ஆம் வகுப்புப் பிள்ளைகளிடம் பொருளாதார அறிஞர் லீ லிண்டன் செய்த ஆய்வு வேறு கதை சொன்னது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பாட நேரத்திலேயே, ஆசிரியர் நடத்துவதற்குப் பதிலாகக் கணினி. இன்னொரு பிரிவினருக்குப் பள்ளி நேரத்துக்கு வெளியே, கூடுதலாகக் கணினி. முதல் பிரிவினர் கணக்கில் 0.57 திட்ட விலக்கம் பின்தங்கினார்கள். இரண்டாம் பிரிவினர் 0.28 முன்னேறினார்கள். இரு பிரிவுக்கும் மென்பொருள் ஒன்றுதான். அந்தப் பள்ளிகளில் ஆசிரியர்கள் ஏற்கெனவே திட்டமிட்டு நன்றாக நடத்திவந்தார்கள். அந்த நல்ல நிமிடங்களைக் கணினி எடுத்துக்கொண்டபோது பிள்ளைகள் இழந்தார்கள்.

எனவே ஒரு கருவி வகுப்பறைக்குள் வரும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது எந்த நிமிடத்தை எடுத்துக்கொள்ளப்போகிறது என்பதுதான். பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கும் நிமிடமா? ஆசிரியர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கக் கேட்கும் நிமிடமா? எத்தனை அங்குலத் திரை, எத்தனை ஜிபி நினைவகம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தமிழ்நாட்டுக்கு இது இன்றைய கேள்வி. கொரோனா காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்த பின், பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய்ச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பில், 2022ஆம் ஆண்டு, இரண்டாம் வகுப்புப் பாடத்தைச் சரளமாக வாசித்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தமிழ்நாட்டு ஊரகப் பகுதிகளில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. அந்த ஆண்டு ஜூன் மாதம் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் தொடங்கியது. பிள்ளைகளை வகுப்புவாரியாகப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைவாரியாகப் பார்ப்பது அதன் உயிர்நாடி. 2024இல் 22,000க்கும் மேற்பட்ட அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும், ஏறத்தாழ 80,000 தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினிகளும் தரும் பணி நடந்தது. ஆக, சுவரில் ஒரு திரை, ஆசிரியர் கையில் ஒரு திரை, சில பள்ளிகளில் பிள்ளையின் கையிலும் ஒரு திரை. மூன்றையும் ‘தொழில்நுட்பம்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதால்தான் குழப்பம் வருகிறது. மூன்றும் செய்யும் வேலை வேறு.

சுவர்த் திரையிலிருந்து தொடங்கலாம். பாட்டு, அசையும் படம், தெளிவான உச்சரிப்பு ஆகியவற்றுக்கு அது நல்லது. ல, ள, ழ மூன்றையும் வாய்க்குள் நாக்கு எங்கே போகிறது என்று நெருக்கமாகக் காட்டும் காணொலி, எந்தப் பாடப் புத்தகமும் தர முடியாத ஒன்று. ஆனால் 30 பிள்ளைகள் சேர்ந்து கத்திச் சொல்லும்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது போல ஒரு மயக்கம் உண்டாகும். முன்வரிசையில் ஐந்தாறு பேர் சொல்ல, மற்றவர்கள் அரை நொடி தாமதமாக அவர்களைப் பின்தொடர்வார்கள். இதைத் தவிர்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. 4 நிமிடக் காணொலியை முழுதாக ஓட விடாமல் மூன்று இடங்களில் நிறுத்த வேண்டும். நிறுத்தும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் சிலேட்டில் எழுதித் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். பத்து நொடியில் யாருக்குத் தெரியவில்லை என்பது தெரிந்துவிடும். நிறுத்தாமல் ஓடும் காணொலி வகுப்பை அமைதியாக வைத்திருக்கும். அந்த அமைதியைக் கற்றல் என்று நம்பிவிடக் கூடாது.

எழுத்தறிவுக்கு வருவோம். சிக்கல் அதிகமாக இருப்பது இங்கேதான்.

எழுத்தைக் கையால் எழுதுவதும் விசைப்பலகையில் தட்டுவதும் மூளைக்கு ஒன்றல்ல. இண்டியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், இன்னும் வாசிக்கக் கற்காத ஐந்து வயதுப் பிள்ளைகள் எழுத்துகளை மூன்று விதமாகப் பழகினார்கள்: பார்த்து எழுதுவது, புள்ளிக்கோட்டின் மேல் எழுதுவது, தட்டச்சுவது. பிறகு மூளை வரைவியில் பார்த்தபோது, வாசிப்புக்கு உதவும் பகுதிகள், பார்த்துத் தானாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் மற்றவற்றைவிடத் தெளிவாக விழித்தன. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. தானாக எழுதும்போது ஒவ்வொரு முறையும் எழுத்து கொஞ்சம் கோணலாக வரும். கோணலான பல வடிவங்களும் ஒரே எழுத்துதான் என்று பிள்ளை கற்பது அப்போதுதான். புள்ளிக்கோட்டின் மேல் விரலை இழுக்கும் செயலிகள் அந்தக் கோணலையே இல்லாமல் செய்துவிடுகின்றன. விரல் விலகினாலும் கோடு தானாகச் சரியான பாதையில் ஒட்டிக்கொள்கிறது. பல செயலிகள் ‘அ’வைக் கீழிருந்து மேலாக எழுதினாலும் நட்சத்திரம் தருகின்றன. அதோடு கண்ணாடி வழுக்கும். பென்சிலின் அழுத்தம் விரலுக்குக் கிடைக்காது. ஆகவே, திரையில் ஒரு எழுத்தை மூன்று முறை இழுத்துப் பார்த்தால் போதும். அதன் பிறகு மணலிலோ சிலேட்டிலோ நான்குவரி நோட்டிலோ பார்க்காமல் பத்து முறை எழுத வேண்டும். இந்த இரண்டாவது பாதி நடக்காவிட்டால் முதல் பாதி வெறும் பொழுதுபோக்கு.

தமிழுக்கே உரிய சிக்கல்களை மென்பொருள் எழுதுபவர்கள் அடிக்கடி தவறவிடுகிறார்கள். ‘அம்மா’ என்பதில் பிள்ளைக்கு மூன்று எழுத்து: அ, ம், மா. கணினிக்கு அது ஐந்து குறியீடு. ம, புள்ளி, ம, துணைக்கால் எல்லாம் தனித்தனி. ஆங்கிலத்துக்கு எழுதிய விளையாட்டை அப்படியே தமிழுக்கு மாற்றினால், ‘எழுத்துகளைச் சரியான வரிசையில் அடுக்கு’ என்ற பயிற்சியில் புள்ளி தனியாகவும் துணைக்கால் தனியாகவும், புள்ளிகளாலான ஒரு வெற்று வட்டத்தோடு ஒட்டி மிதக்கும். பிள்ளை வாழ்நாளில் பார்த்திராத உருவம் அது. ‘கொ’வின் கொம்பு முன்னாலும் துணைக்கால் பின்னாலும் இருக்க, நடுவில் ‘க’ வருகிறது. எழுதும் வரிசை வேறு, ஒலிக்கும் வரிசை வேறு. வாசிக்கும்போது எழுத்தை ஒளிரச் செய்யும் செயலி கொம்பை முதலில், ‘க’வை அடுத்து, துணைக்காலைக் கடைசியில் ஒளிரவிட்டால், பிள்ளை ‘எ… க… ஆ…’ என்று துண்டு துண்டாகப் படிக்கப் பழகும். ஒரு செயலியை வாங்குமுன் ‘அம்மா’, ‘கொக்கு’, ‘தீபாவளி’ என்று மூன்று சொற்களை அதன் எழுத்துப் பிரிக்கும் பயிற்சியில் போட்டுப் பாருங்கள். 3, 3, 4 என்று பிரித்தால் மேலே பார்க்கலாம். இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

எட்டு வயதுக்கு உட்பட்டவர்களை ‘அம்மா’ என்று எழுத ஆங்கில எழுத்துகளில் தட்டச் சொல்லும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையிடம் விடவே கூடாது. தமிழ் எழுத்தின் ஒலி மனத்தில் நிலைபெறும் முன்பே அது ஆங்கில எழுத்தை இடைத்தரகராகக் கொண்டுவந்து வைக்கிறது. தட்டித்தான் ஆக வேண்டுமென்றால், மெய்யையும் உயிரையும் சேர்த்து உயிர்மெய்யைக் கட்டும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பு எழுத்தின் இயல்போடு ஒத்துப்போகும். அதையும் மூன்றாம் வகுப்புக்குப் பிறகு தொடங்கினால் போதும்.

திரையில் கதை வாசிப்பது பற்றி நிறைய ஆய்வுகள் வந்துவிட்டன. 1 முதல் 8 வயதுப் பிள்ளைகள் பற்றிய 39 ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் ஃபுரனெஸ், குச்சிர்கோவா, பஸ் மூவரும் வெளியிட்ட பகுப்பாய்வில், அதே கதையைத் தாளில் படித்தவர்களே திரையில் படித்தவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கதையோடு ஒட்டிய சேர்க்கைகள், அதாவது அடுத்து என்ன நடக்கும் என்று கேட்பது, கதையில் நடப்பதை மட்டும் அசைத்துக் காட்டுவது போன்றவை இருந்தபோது திரைக்கதை முந்தியது. தொட்டால் தவளை குதிக்கும், மேகம் சிரிக்கும் என்ற வகைப் பொத்தான்கள் கதை இழையை அறுத்துவிடுகின்றன. சொல்லைத் தொட்டால் பொருள் சொல்லும் வசதி சொல்வளத்தைக் கூட்டுகிறது; கதைப் புரிதலுக்கு அது உதவவில்லை, சில சமயம் குறைக்கவும் செய்கிறது. ஆகவே முதல் வாசிப்பில் அந்த வசதியை அணைத்துவைத்து, இரண்டாம் வாசிப்பில் திறந்துவிடுவது நல்லது. அமைப்புகளில் ‘தானாகப் பக்கம் திருப்பு’ என்பதையும் அணைத்துவிடுங்கள். பக்கத்தைத் திருப்பும் முடிவு பிள்ளையிடமே இருக்க வேண்டும்.

பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலிகள் இப்போது தமிழிலும் உண்டு. கூகுளின் ரீட் அலாங் 2020 முதல் தமிழைக் கேட்கிறது. வீட்டில் உட்கார்ந்து வாசிப்பதைக் கேட்க ஆளில்லாத பிள்ளைக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. இங்கே தடையாக வருபவை இரண்டு. ஒன்று, இரைச்சல்: 25 பேர் இருக்கும் அறையில் ஒலிவாங்கி பக்கத்துப் பிள்ளையின் குரலையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும், தாழ்வாரமோ மரத்தடியோதான் சரி. இன்னொன்று, பேச்சுவழக்கு. ‘வந்துகொண்டிருந்தான்’ என்ற எழுத்தைப் பார்த்து ‘வந்துட்டிருந்தான்’ என்று சொல்லும் பிள்ளை பொருளைச் சரியாகப் பிடித்துவிட்டது. செயலிக்கு அது பிழை. ‘ழ’ வராத பிள்ளையை ஒவ்வொரு வரியிலும் நிறுத்தினால் அது வாசிப்பதையே வெறுத்துவிடும். வாசிப்பின் ஓட்டத்தைக் கேட்பது ஒரு நாள், உச்சரிப்பைத் திருத்துவது இன்னொரு நாள் என்று ஆசிரியர்தான் பிரித்து வைக்க வேண்டும்.

ஒலி–எழுத்துப் பொருத்தத்துக்கு உலகில் அதிகம் சோதிக்கப்பட்ட விளையாட்டு, பின்லாந்தின் யுவாஸ்கிலா பல்கலைக்கழகத்தில் பிறந்த கிராஃபோகேம். பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, சொல் வாசிப்பில் அதன் சராசரிப் பலன் ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஆனால் பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்து ‘இப்போது என்ன சொல் வந்தது? நீ ஏன் அதைத் தொட்டாய்?’ என்று பேசிக்கொண்டிருந்த ஆய்வுகளில் பலன் தெளிவாகத் தெரிந்தது. பிள்ளையிடம் கருவியைக் கொடுத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த முடிவை ஒருமுறையாவது மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கணக்கில் நிலைமை சற்று நம்பிக்கை தருகிறது. ஒன்பில்லியன் என்ற அமைப்பின் கணக்குச் செயலியை மலாவித் தலைநகர் லிலாங்வேயில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் 8 வாரம் கொடுத்துப் பார்த்தபோது தெளிவான முன்னேற்றம் இருந்தது. இங்கிலாந்திலும் பின்தங்கிய 5–6 வயதுப் பிள்ளைகளுக்கு, உதவி ஆசிரியர் அருகிலிருக்க, 12 வாரம் அதே செயலியைக் கொடுத்தபோது, மற்றவர்களைவிட 3 மாதப் படிப்புக்கு ஈடான கூடுதல் முன்னேற்றம் கிடைத்தது. பிள்ளைக்கு அதன் சொந்த மொழியில் காதில் விழும் கட்டளை, முந்தியதைக் கடந்தால்தான் அடுத்தது திறக்கும் வரிசை, தவறினால் உடனே தெரிவது, எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பச் செய்யலாம் என்ற பொறுமை. இவைதான் அங்கே வேலை செய்தவை. பெருவில் 300க்கும் மேற்பட்ட கிராமப்புறப் பள்ளிகளை வைத்துச் செய்த ஆய்வை இதற்கு எதிராக வையுங்கள். ‘ஒரு பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி’ திட்டத்தில் அங்கே கருவி எல்லோர் கைக்கும் போனது. 15 மாதம் கழித்து மொழியிலும் கணக்கிலும் எந்த உயர்வும் இல்லை. எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது, அடுத்து அதற்கு என்ன தேவை என்ற வரிசை அந்தக் கணினிகளுக்குள் இல்லை.

ஆனாலும் கணக்கிலும் திரை தொடங்கும் இடம் தவறு. புளியங்கொட்டையைத் தொட்டு எண்ணுவது முதல் படி, படத்தை எண்ணுவது இரண்டாம் படி, ‘7’ என்று எழுதுவது மூன்றாம் படி. எந்தத் திரையும் இரண்டாம் படியிலிருந்துதான் தொடங்க முடியும். செயலி தானாக ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணிக் காட்ட, பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் எண்ணியது செயலிதான். பிள்ளை ஒவ்வொன்றையும் தொட்டால்தான் ஒலிக்க வேண்டும். தொட்டதையே மறுபடி தொட்டால் எண்ணிக்கை கூடக் கூடாது. இடமதிப்பில் இது இன்னும் முக்கியம். பல செயலிகளில் பத்தாவது குச்சியை இழுத்ததும் பத்தும் தானாகக் கட்டாகிவிடும். கையால் எண்ணி ரப்பர் வளையம் போடும் பிள்ளைதான் ‘பத்து ஒன்றுகள் ஒரு பத்து’ என்பதை உணர்கிறது. குறைந்தது 30 கட்டுகளாவது கையால் கட்டிய பிறகு திரைக்குப் போகலாம்.

தமிழ் எண்ணுப்பெயர்கள் இதற்கு நல்ல துணை. பதினொன்று, பதிமூன்று, இருபத்து நான்கு எல்லாம் பத்தையும் ஒன்றையும் பெயரிலேயே காட்டுகின்றன. தடுமாறும் இடம் எண்பத்தொன்பதுக்கு அடுத்து. தொண்ணூறு, தொள்ளாயிரம் இரண்டும் வழக்கத்தை மீறுகின்றன. ‘இருநூற்று ஐந்து’ என்று காதில் விழுந்ததை 2005 என்று எழுதுவது மூன்றாம் வகுப்பில் மிகப் பரவலான பிழை. விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் செயலியில் இந்தப் பிழை வெளியே வரவே வராது. எண்ணைக் கேட்டு எழுதச் சொன்னால்தான் வரும்.

திரை உண்மையிலேயே சிறந்து நிற்கும் இடம் எண்கோடு. 0 முதல் 100 வரை வெறும் கோடு. 37 எங்கே வரும் என்று பிள்ளை விரல் வைக்கிறது. சரியான இடம் உடனே தெரிகிறது. ஐந்து நிமிடத்தில் இருபது முறை செய்யலாம். கரும்பலகையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு முறை வாய்த்தாலே அதிகம்.

நான்கு விடைகளில் ஒன்றைத் தொடும் கேள்விகளை நம்பி நிலையை முடிவு செய்வது பெரிய ஆபத்து. கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் பத்தில் இரண்டு மூன்று சரியாகும். தவறினால் மறு வாய்ப்பு உண்டென்றால், பச்சை வரும்வரை எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பதைப் பிள்ளைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார்கள். செயலியின் அறிக்கையில் மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, முதல் முயற்சியில் சரியானவை எத்தனை, ஒரு கேள்விக்கு எத்தனை நொடி என்ற இரண்டை மட்டும் பாருங்கள். 2 நொடிக்குள் வந்த விடைகள் பெரும்பாலும் ஊகம்.

ஆசிரியர் கையிலுள்ள திரை பற்றிக் கென்யாவின் அனுபவம் நமக்கு மிக நெருக்கமானது. கிசுமுப் பகுதியில் ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கு மின்வாசிப்பான், ஒரு பிரிவில் ஆசிரியர்களுக்குக் கைக்கணினி, இன்னொரு பிரிவில் பள்ளிகளைப் பார்வையிட்டு வழிகாட்டுபவர்களுக்குக் கைக்கணினி கொடுத்து ஒப்பிட்டார்கள். மூன்றிலும் வாசிப்பு உயர்ந்தது. ஆனால் செலவோடு சேர்த்துப் பார்த்தால் மூன்றாவதுதான் முந்தியது. அந்த அடிப்படையில்தான் நாடு முழுவதற்குமான துசோமே என்ற வாசிப்புத் திட்டத்தில் வழிகாட்டுபவர்கள் கையில் கருவி போனது. வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து, இரண்டு மூன்று பிள்ளைகளை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, அங்கேயே ஆசிரியரோடு பேசுவதற்கு அது உதவியது.

நம் பள்ளிகளில் ஆசிரியரின் கருவி பெரும்பாலும் பதிவேற்றும் கருவியாகிவிட்டது. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக அழைத்துச் செயலியில் மதிப்பிட 6 நிமிடம் என்று வைத்தாலும், 30 பிள்ளைக்கு 3 மணி நேரம். இணையம் தடுமாறினால் அது இரண்டு நாளாகும். அந்த நேரம் முழுவதும் மீதி 29 பேருக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் சங்கங்கள் எழுப்பிய இந்த முறையீடு நியாயமானது. தாளில் குறித்து வாரம் ஒருமுறை பதிவேற்றுவதும், இணையமில்லாமல் இயங்கிப் பிறகு தானாகச் சேரும் வசதியும் இதற்குத் தீர்வாகும்.

பிள்ளைகளுக்கான கைக்கணினிகள் உள்ள ஈராசிரியர் பள்ளியில் அவற்றை எங்கே பொருத்துவது? ஒன்று முதல் மூன்று வரை 18 பிள்ளைகள், ஒரே ஆசிரியர், 6 கருவிகள் என்று வைத்துக்கொள்வோம். அரும்பு, மொட்டு, மலர் என ஆறு ஆறு பேர். 20 நிமிடத்துக்கு ஒரு குழு ஆசிரியர் அருகில் வாசிக்கிறது. ஒரு குழு சிலேட்டிலும் குச்சிக் கட்டிலும் வேலை செய்கிறது. ஒரு குழு திரையில். பிறகு சுழற்சி. ஒரு மணி நேரத்தில் எல்லோரும் மூன்றையும் தொட்டுவிடுவார்கள். இங்கே திரை எடுத்துக்கொள்வது, ஆசிரியர் வேறு குழுவோடு இருக்கும்போது வீணாகும் நிமிடத்தை மட்டுமே. ஒன்றாம் வகுப்புக்கு 15 நிமிடமே போதும். அதற்கு மேல் விரல்தான் ஓடும்.

இந்தச் சுழற்சி மூன்றாம் வாரத்தில் உடைவது பாடத்தாலல்ல, சின்னச் சின்னப் பொருள்களால். காதொலிப்பான் இல்லாமல் ஆறு கருவிகள் ஒரே நேரத்தில் பேசினால் ஆசிரியர் ஒலியைப் பூஜ்யமாக்கிவிடுவார். ஒலியில்லாத ஒலிப்பயிற்சியால் பயனில்லை. காதொலிப்பானின் கம்பி முனைதான் முதலில் கெடும். ஆறுக்கு எட்டுக் காதொலிப்பான் வாங்கி வைக்க வேண்டும். பாடச் செயலியைத் தவிர வேறெதுவும் திறக்காதபடி பூட்டி, இணையத் தொடர்பை அணைக்கும் ‘விமானப் பயன்முறை’யில் வைத்தால் விளம்பரமும் வராது, மின்கலமும் நிலைக்கும். தகரக் கூரையின் கீழுள்ள இரும்புப் பெட்டியில் கோடை விடுமுறை முழுவதும் கிடந்தால் மின்கலம் உப்பிவிடும். பாதி மின்னேற்றத்தில், குளிர்ந்த அறையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கும் படமும் இருக்க வேண்டும். அடுத்தவர் கணக்கில் போய் விளையாடினால் வரிசை முறையே குலைந்துவிடும்.

ஆறு வாரம் கழித்து, கருவியைத் தொடாமல் ஒரு சோதனை வையுங்கள். வரிசை மாற்றிப் பத்து உயிர்மெய் எழுத்துகளைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். இதுவரை பார்க்காத ஒரு பத்தியை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிச் சரியான சொற்களை எண்ணுங்கள். ஐந்து எண்களைக் காதால் கேட்டு எழுதவும், நான்கு கழித்தல்களைத் தாளில் செய்யவும் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு ஏழெட்டு நிமிடமாகும். செயலியில் மேலே போன பிள்ளை தாளில் அதே இடத்தில் நின்றால், அதற்குத் திரை நேரத்தைப் பாதியாகக் குறைத்து, அந்த நிமிடங்களை ஆசிரியர் அருகிலான வாசிப்புக் குழுவுக்கு மாற்றிக் கொடுங்கள். இரண்டிலும் ஏறிய பிள்ளைக்கு இப்போதைய ஏற்பாடே தொடரலாம். அடுத்த ஆறு வாரத்தில் அதே சோதனையை வேறு எழுத்துகளோடும் வேறு எண்களோடும் திரும்ப வைக்க வேண்டும்.